மேல்மாவு தேறாத நாலு ஞாயிறு

“இதுக்குப் பேர் மாவா? இது பசை. சுவத்துல போஸ்டர் ஒட்டலாம்.”

“ஒட்டட்டுமே. மீன்ல ஒட்டினா எனக்குப் போதும்.”

“அதுலதான் ஒட்டலையே. பாரு, எண்ணெயில விழுந்ததும் மாவு ஒரு திசை, மீன் ஒரு திசை. மாமியார் மருமக மாதிரி.”

“மீனைத் துடைக்காம முக்கினா அப்படித்தான். தட்டுல தண்ணி நிக்குதுன்னு நான் சொன்னேன்ல?”

“நீ எப்போ சொன்னே? ‘ஒண்ணும் ஆகாது, போடு’ன்னுதான் சொன்னே.”

“நானா? என் வாயில ‘ஒண்ணும் ஆகாது’ங்கிற வார்த்தை என்னிக்காவது வந்திருக்கா?”

அது உண்மைதான், வந்ததில்லை. ஆனால் தங்கைக்காரி விடுவதாக இல்லை. கரண்டியை அடுப்பு மேடையில் ஓர் அறை அறைந்தாள். எங்கள் வீட்டு டம்ளர்கூட ஒரு முறை அதிர்ந்து அடங்கியது.

ஒட்டுக் கேட்டதாக யாரும் நினைக்க வேண்டாம். எங்கள் கட்டடத்தில் அவர்கள் சமையலறை ஜன்னலும் என் சமையலறை ஜன்னலும் நேருக்கு நேர். நடுவில் ஒன்பதடி வெற்றிடம், அதில் இரண்டு குழாய், நாலு கொடிக்கயிறு. அங்கே கடுகு வெடித்தால் இங்கே கண் சிமிட்ட வேண்டும். காதைப் பொத்திக்கொள்ளலாம்தான். எனக்கு இருப்பது இரண்டே கை, அன்று இரண்டிலும் பாத்திரம்.

அவர்கள் அக்கா தங்கை. மூன்றாம் மாடியில் இருபத்தாறு வருஷமாக இருவர் மட்டும். அக்காவுக்கு ஐம்பத்தேழு வயது, ஒரு பள்ளிக்கூடத்தின் வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளர். கட்டடத்தில் அவளுக்குப் பெயர் தராசு. அவள் காதுபடச் சொல்ல மாட்டோம், அவ்வளவுதான். உப்பைக்கூட நிறுத்துத்தான் போடுவாள். அதைவிட மோசம் அவளுடைய ஒரு வழக்கம். ஆய்வகத்தில் எந்த அளவும் மூன்று தடவை எடுத்து, மூன்றும் ஒரே மாதிரி வந்தால்தான் ஏட்டில் ஏற்றுவார்களாம். அந்தச் சட்டத்தை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டாள். எந்த முடிவுக்கும் மூன்று சோதனை. குளிர்பெட்டி வாங்க எட்டு மாசம் எடுத்தாள். கடைக்குக் கடை போய்க் கதவைத் திறந்து மூடித் திறந்து மூடிப் பார்த்ததில், கடைக்காரர்கள் அவளைக் கண்டாலே விளக்கை அணைத்தார்கள்.

தங்கைக்கு நாற்பத்திரண்டு. முன்னறையில் தையல் மெஷின் போட்டு, சட்டை பிடிப்பது, கால்சட்டை மடிப்பது, திரைச்சீலை தைப்பது. வாயில் எப்போதும் இரண்டு குண்டூசி. அதனாலேயே அதிகம் பேச மாட்டாள். ஊசியை எடுத்துவிட்டாள் என்றால் வீடு தாங்காது.

இப்போது மீன் எங்கே வந்தது என்று கேட்பீர்கள். லிஃப்ட் வழியாக வந்தது.

எங்கள் லிஃப்டைப் பழுது பார்க்க வரும் மெக்கானிக், நாற்பத்தைந்து வயது இருக்கும், அடக்கமான மனுஷர். படுக்கையில் இருந்த அம்மாவைப் பார்த்துக்கொண்டே கல்யாண வயதைத் தாண்டியவர். அம்மா அதற்கு முந்தின வருஷம்தான் தவறிவிட்டாள். அவர் தன் சீருடைக் கால்சட்டையை மடித்துத் தைக்கத் தங்கையிடம் கொடுத்தார். சரி, எல்லோரும் கொடுப்பதுதான். ஆனால் ஒரு மனிதருடைய கால் ஒரே வருஷத்தில் ஐந்து தடவை குட்டையாகுமா? லிஃப்டும் அப்படியே, வியாழக்கிழமை ஆனால் முனகும். நான் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் செய்தித்தாளை இறக்காமலே, “உனக்கெதுக்கு அடுத்தவங்க கால்சட்டை?” என்றார். உலகத்தில் என்ன நடக்கிறதென்று தினமும் இரண்டு மணி நேரம் படிக்கிற ஆள், எதிர்வீட்டில் நடப்பது மட்டும் வேண்டாமாம்.

ஒரு மாதத் தொடக்கத்தில் மெக்கானிக்குக்கு மாற்றல் கடிதம் வந்தது. முப்பதாம் தேதி வேறு ஊர்க் கிளையில் இருக்க வேண்டும். அன்றைக்கே படிக்கட்டருகில் நின்று தங்கையிடம் கேட்டுவிட்டார். நான் மிதியடி தட்டிக்கொண்டிருந்தேன். கொஞ்சம் நேரமாகவே தட்டிக்கொண்டிருந்தேன்.

“என்கூட வந்துடுறீங்களா?” என்றார். அவ்வளவுதான் கேள்வி. சினிமா பார்த்துக் கெட்டுப்போகாத மனுஷர்.

தங்கை குண்டூசியை வாயிலிருந்து எடுத்துச் சட்டைக் காலரில் குத்திக்கொண்டாள். “எனக்குச் சம்மதம். ஆனா அக்கா வாயால சரின்னு வரணும். ஒரு ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வாங்க. அவளோட ஒரே மேசையில உக்காந்து சாப்பிடுங்க. உங்களுக்கு என்ன பிடிக்கும்?”

“வீட்ல பொரிச்ச மீன்.”

தங்கை உள்ளே போய்ச் சொன்னாள். அக்கா ‘சரி’ என்றும் சொல்லவில்லை, ‘முடியாது’ என்றும் சொல்லவில்லை. “சாப்பிடக் கூப்பிட்டா கண்டதைப் போட முடியாது. மேல்மாவு எதுன்னு முதல்ல முடிவாகட்டும். அப்புறம் கூப்பிடலாம்” என்றாள்.

முப்பதாம் தேதிக்குள் கையில் இருந்தது நாலே நாலு ஞாயிறு.

முதல் ஞாயிறு நடந்ததைத்தான் தொடக்கத்தில் கேட்டீர்கள். மைதாவும் முட்டையும் அடித்த கரைசல். முதல் தடவை மீனின் ஈரம் துடைக்காததால் மேல்மாவு நழுவியது. இரண்டாம் தடவை தங்கை துணியால் ஒற்றி ஒற்றித் துடைத்து, உலர்ந்த மாவில் ஒரு புரட்டுப் புரட்டி, பிறகு முக்கினாள். “லைனிங் கொடுக்காம மேல்துணி நிக்குமா? தையல்ல எனக்குத் தெரிஞ்சது உனக்கு ரசாயனத்துல தெரியலையே” என்றாள். ஒட்டியது. மூன்றாம் தடவை எண்ணெய் புகைந்துவிட்டது, மேல்மாவு கறுத்தது, மீன் வேகவில்லை.

“மூணும் மூணு விதம்” என்று அக்கா ஏட்டில் எழுதினாள். ஏடென்றால் நிஜமாகவே ஏடு, நீல அட்டை போட்டது.

“ரெண்டாவது நல்லாத்தானே இருந்தது அக்கா.”

“ஒரு தடவை நல்லா வர்றது அதிர்ஷ்டம். அதை நம்பி ஒருத்தரைக் கூப்பிட முடியாது.”

இரண்டாவது ஞாயிறு ரொட்டித்தூள். மேசையில் மூன்று தட்டு வரிசையாக வைத்தார்கள். ஒன்றில் மாவு, ஒன்றில் அடித்த முட்டை, ஒன்றில் தூள். ஒரு கை ஈரத்துக்கு, ஒரு கை உலர்ந்ததுக்கு என்று அக்கா ஆணையிட்டாள். தங்கை இருபது வருஷமாக இரண்டு கையாலும் ஒரே துணியைப் பிடித்துப் பழகியவள். ஐந்தாவது துண்டுக்குள் கை மாறிப்போய், பத்து விரலுக்கும் தூள் ஏறிவிட்டது.

“உன் விரலைப் பொரிச்சா முதல் பரிசு கிடைக்கும்” என்றாள் அக்கா.

“சிரிக்காதே. மூக்கு அரிக்குது, வந்து சொறிஞ்சு விடு.”

அக்கா வந்து சொறிந்துவிட்டாள். சண்டை நடுவில்தான். அந்த வீட்டில் அப்படித்தான் எல்லாம்.

தூள் உதிர்ந்து எண்ணெயில் கரிந்தது. கரிந்தது அடுத்த துண்டில் அப்பியது. தூளுக்குப் பதில் ரவை போட்டார்கள். மொறுமொறுப்பு வந்தது, ஆனால் கடித்தால் மேல் அண்ணம் கிழிகிறதென்று அக்கா தள்ளிவிட்டாள். தூளும் ரவையும் அடியோடு நீக்கம். அன்றைக்கு என் கொடியில் காய்ந்த போர்வை மூன்று நாளைக்கு மீன் வாசனை அடித்தது. என் வீட்டுக்காரர் தூக்கத்தில்கூட எலுமிச்சை கேட்டார்.

வியாழக்கிழமை லிஃப்ட்காரர் வந்தார். லிஃப்ட் முனகவில்லை, அவரே வந்தார். தங்கை வாசலிலேயே நிறுத்தி, “இன்னும் மாவு முடிவாகல” என்றாள். அவருக்கு ஒன்றும் புரிந்திருக்காது. நாணயமானவர், தலையை ஆட்டிவிட்டுப் போனார். கூப்பிடும்வரை வருவதில்லை என்று முடிவெடுத்தார் போல, அடுத்த வியாழன் வரவில்லை. லிஃப்டும் ஒழுங்காக ஓடியது. அதைப் பார்க்கத்தான் எனக்கு எரிச்சலாக வந்தது.

மூன்றாவது ஞாயிறு தங்கை முன்னேற்பாடாக இறங்கினாள். பாதி மைதா, பாதி சோள மாவு, குளிர்பெட்டியில் சில்லிட்ட சோடா. கட்டி இருந்தாலும் பரவாயில்லை என்று மூன்று சுற்றோடு கலக்குவதை நிறுத்தினாள். அக்கா தனக்கென்று வாங்கி வைத்திருக்கிற வெப்பமானியை எண்ணெயில் பிடித்தாள். மீன் விழுந்தது. அந்தச் சத்தம் ஒன்பதடி தாண்டி எனக்குக் கேட்டது, மழை பிடிக்கிற மாதிரி. வெளியே எடுத்தபோது ஒவ்வொரு துண்டும் பொன்னிறம், உப்பலாக, ஓரம் எல்லாம் பூப்போல. மூன்று தடவை போட்டாள். மூன்றும் ஒரே மாதிரி. எனக்கு இங்கிருந்தே தெரிந்தது.

தங்கை இடுப்பில் கைவைத்து நின்றாள்.

அக்கா ஒரு துண்டை உடைத்தாள், ஊதினாள், மென்றாள், ஜன்னல் வழியே மேலே பார்த்தாள். “உப்பு ஒரு கல் கூட.”

“அக்கா.”

“மூணாவதுல லேசா எண்ணெய் குடிச்சிருக்கு.”

“எங்கே குடிச்சிருக்கு? காட்டு.”

“காட்ட முடியாது. நாக்குக்குத்தான் தெரியும்.”

“அக்கா, இன்னும் பத்து நாள்தான் இருக்கு அவர் கிளம்ப. உனக்கு வேணாம்னா வேணாம்னு சொல்லிடு. மாவு மேல பழி போடாதே.”

“நான் வேணாம்னு எங்கே சொன்னேன்? தேறட்டும்னுதானே சொல்றேன்.”

தங்கை ஏப்ரனைக் கழற்றி நாற்காலியில் எறிந்துவிட்டு வாசல் கதவை அடித்துச் சாத்திக்கொண்டு இறங்கிப் போனாள். லிஃப்டில் போகவில்லை, படியில். கோபத்துக்குப் படிதான் தோது.

அதற்குப் பிறகு நான் பார்த்ததை யாரிடமும் சொல்லக் கூடாது என்றுதான் நினைத்தேன். அக்கா கொஞ்ச நேரம் அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு தட்டை இழுத்து, நின்றபடியே ஒரு துண்டு தின்றாள். இன்னொன்று. மூன்றாவதை எலுமிச்சை பிழிந்து, கண்ணை மூடிக்கொண்டு. விரலைக்கூட நக்கினாள், எதையும் சிந்தாத அந்த மனுஷி. கையைக் கழுவித் துடைத்துவிட்டு ஏட்டைத் திறந்து எழுதினாள். அவ்வளவு தூரத்திலிருந்து எழுத்து தெரியாது. ஆனால் எழுதிக்கொண்டே வாய்க்குள் சொன்னாள்: “தேறவில்லை.”

ஒரு நாள் முழுக்க அடக்கி வைத்தேன். எனக்கு அது பெரிய நோன்பு. செவ்வாய்க்கிழமை தங்கை நூல் வாங்கப் போகும்போது படியில் எதிர்ப்பட்டாள். கண் வீங்கியிருந்தது. சொல்லிவிட்டேன்.

“மூணு துண்டா?” என்றாள்.

“மூணு. மூணாவதுக்கு எலுமிச்சை.”

அவள் சுவரில் சாய்ந்து நின்றாள். அழுவாள் என்று பார்த்தேன். சிரித்தாள், அதிலும் உயிரில்லை. “தெரியும்க்கா. எனக்கு மட்டும் தெரியாதா? ஆனா அவ வாயால வரணுமே. என்னை வளர்த்தவ. அவ சரின்னு சொல்லாம நான் போனா, அங்கே போய் தினம் அவ சோறு தின்னாளா இல்லையான்னுதான் இருப்பேன்.” கொஞ்சம் யோசித்தாள். “எதுன்னு தெரிஞ்சு தின்னுட்டுத்தானே குறை சொல்றா. எதுன்னு தெரியாம தின்னட்டும்.”

நாலாவது ஞாயிறு. கடைசி ஞாயிறு. தங்கை நாலு விதக் கரைசல் செய்தாள். மைதாவும் முட்டையும் ஒன்று, மைதாவும் சோள மாவும் வெறும் தண்ணீரில் ஒன்று, அதே மாவு சோடாவில் ஒன்று, அரிசி மாவும் சோள மாவும் சோடாவில் ஒன்று. ஒவ்வொன்றிலும் இரண்டு துண்டு. பொரித்தால் நாலும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். அக்கா முன்னறையில் உட்கார்ந்து சமையலறைப் பக்கம் பார்க்கவே கூடாது. எது எது என்று தெரியாமல் நாலையும் தின்று, ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதுதான் முடிவு. அப்பீல் கிடையாது. நடுநிலைச் சாட்சி நான்.

அக்கா மறுக்க முடியாது. மறைத்து வைத்துச் சோதிப்பதுதான் உத்தமமான சோதனை என்று பள்ளிப் பிள்ளைகளுக்கு முப்பது வருஷமாகச் சொல்லிக் கொடுத்தவள். “செய்” என்றாள். சாட்சியாக நான் உள்ளே வந்ததைப் பார்த்து, “இவங்க எதுக்கு?” என்றாள்.

“நான் சும்மா” என்றேன்.

“சும்மா இருக்கத் தெரிஞ்சா எல்லாரும் சும்மா இருக்கலாம்” என்றாள்.

தராசு நாக்கும் ஊசிதான். குடும்பச் சொத்து.

எண்ணெய்ச் சத்தம் கேட்டது. அக்கா மடியில் கையைக் கோத்துக்கொண்டு மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தாள். மெஷினில் பாதி தைத்த திரைச்சீலை தொங்கியது. அதன் ஓரத்தை எடுத்து மடித்தாள், விட்டாள், மறுபடி மடித்தாள்.

தட்டு வந்தது. நாலு நாலாக இரண்டு வரிசை, எட்டு துண்டு. ஒவ்வொன்றின் வால் பக்கத்தையும் சுற்றி ஒரு நூல் முடிச்சு. அக்கா முன்வரிசை நாலில் இருந்தும் கொஞ்சம் கொஞ்சம் பிட்டாள். தண்ணீர் குடித்தாள், தின்றாள், தண்ணீர் குடித்தாள். அந்த முகத்தை நான் அப்போதுதான் அவ்வளவு கிட்டத்தில் பார்த்தேன். பொய் சொல்ல அவளுக்கு வழி இல்லை. எது எதென்று தெரியாதபோது எதைக் குறை சொல்வது? அவளுடைய சட்டமே அவளைக் கட்டிப்போட்டுவிட்டது. கடைசியில் ஒரு துண்டை விரலால் தொட்டு, “இது” என்றாள். “இதுல குறை இல்லை.”

தங்கை அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டாள். “சொல்லிட்டே. அக்கா, நீ சொல்லிட்டே.”

“சொல்லிட்டேன். எது இது?”

தங்கை குனிந்து நூலைப் பார்த்தாள். அடுத்த துண்டைப் பார்த்தாள். அதற்கடுத்ததை. முகம் மாறியது.

நடந்தது இதுதான். எந்தக் கரைசல் எதென்று அடையாளம் வைக்க, சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள் என்று நாலு நிறத்தில் பருத்தி நூல் கட்டியிருக்கிறாள். தையல்காரிக்கு வேறு என்ன தோன்றும்? ஒரு ஈட்டுக்கு, நிறத்துக்கு ஒன்றாக, நாலு துண்டை ஒரே சட்டியில் போட்டு, நூல் இருக்கிறதே என்ற நம்பிக்கையில் இஷ்டத்துக்குப் புரட்டியிருக்கிறாள். எண்ணெயில் வெந்த நூல் எட்டும் மாவோடு சேர்ந்து ஒரே பழுப்பு. வெண்ணெய் திரளும்போது தாழியை உடைப்பார்கள் என்பார்கள். இவள் கொதிக்கிற எண்ணெயில் சாயம் போகுமா என்று யோசிக்காமல் உடைத்திருந்தாள்.

“எல்லாம் ஒரே கலர்ல இருக்கு” என்றாள், சத்தமே வராமல்.

அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு நூலாகப் பார்த்தாள். “நூலா கட்டினே? எண்ணெய்க்குள்ளயா?”

“பின்னே பேர் எழுதியா ஒட்டுவாங்க?”

“வரிசையா வெச்சிருக்கலாமே. ஒண்ணொண்ணா போட்டிருக்கலாமே. முதல் வகுப்புப் பிள்ளைகூட…” நிறுத்தினாள். பிறகு அந்தக் குரல் வந்தது, ஆய்வகக் குரல். “அப்ப இது செல்லாது. அடுத்த வாரம் முறையா செய்வோம்.”

“அடுத்த வாரம் அவர் இங்க இருக்க மாட்டார்.”

“அதுக்கு நான் என்ன பண்ண? நூல் கட்டினது நீ.”

அப்போதுதான் தங்கை வெடித்தாள். “மூணாவது வாரம் தேறலைன்னு எழுதிட்டு, நின்னுக்கிட்டே மூணு துண்டு தின்னியே. அது செல்லுமா? மூணாவதுக்கு எலுமிச்சை வேற.”

அக்காவின் முகம் மெதுவாகத் திரும்பி என் மேல் வந்து நின்றது. நான் எழுந்தேன். அடுப்பில் பால் வைத்தது நினைவுக்கு வந்ததாகச் சொன்னேன். வாசலுக்கு வந்து கதவை ஒரு விரல் அளவுக்கு மட்டும் திறந்து வைத்தேன், காற்று வரட்டும் என்று.

உள்ளே நாற்காலி ஒன்று நகர்ந்தது. பிறகு அக்காவின் குரல். ஆய்வகக் குரல் இல்லை. “ஆமா தின்னேன். நல்லாத்தான் இருந்தது. இருபத்தாறு வருஷமா ரெண்டு பேருக்குத்தான் நிறுத்துப் போட்டுப் பழக்கம். ஒருத்திக்கு எவ்வளவு போடணும்னு எனக்குத் தெரியாது. அதைப் போய் யார்கிட்ட கேக்கறது?”

தங்கை பதில் சொன்னாளா என்று கேட்கவில்லை. ஒட்டுக் கேட்பதற்கும் ஓர் எல்லை உண்டு. அதற்குள் எனக்கு வேறு வேலையும் வந்துவிட்டது. என் வீட்டு முக்காலியை எடுத்துவந்து லிஃப்ட் கதவு இடுக்கில் வைத்தேன். லிஃப்ட் நின்றது. புகார் எண்ணைக் கூப்பிட்டு, “லிஃப்ட் நின்னுபோச்சு, அவசரம்” என்றேன். உள்ளே யாராவது சிக்கியிருக்கிறார்களா என்று கேட்டார்கள். யோசித்துப் பார்த்து, ஆமாம், இரண்டு பெண்கள் என்றேன்.

இருபது நிமிஷத்தில் அவர் மூச்சிரைக்கப் படியேறி வந்தார், பையோடு. முக்காலியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“யாரோ முக்காலி வெச்சிருக்காங்க.”

“அப்படியா, பாருங்க அக்கிரமத்தை” என்றேன். “வந்தது வந்தீங்க, கை கழுவிக்கங்க. மீன் ஆறுது.”

கதவைத் தள்ளினேன். சகோதரிகள் இருவரும் மேசையின் எதிரெதிர்ப் பக்கம் உட்கார்ந்திருந்தார்கள், நடுவில் தட்டு. இருவருக்கும் மூக்கு சிவந்திருந்தது. அவர் வாசலில் நின்று, “வணக்கம் அக்கா” என்றார்.

“நான் உங்களுக்கு அக்காவான்னு இன்னும் முடிவாகல” என்றாள் அக்கா. ஆனால் வீட்டுக்கு வந்தவரை நிற்க வைக்க அவளுக்குத் தெரியாது. “உக்காருங்க. ஆறிப்போச்சு, சூடு பண்ணினா மெதுக்குனு போயிடும். இருக்கிறதைத்தான் சாப்பிடணும்.”

பிட்டுப் பார்க்காத முழுத் துண்டு நாலு இருந்தது. இரண்டை அவர் தட்டில் வைத்தாள். தங்கை எழுந்து நிற்கவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நாலு வாரம், நாலு கரைசல், ஒரு ஏடு, ஒரு வெப்பமானி. எல்லாம் இப்போது அந்த மனுஷர் வாய்க்குள் போக வேண்டும்.

அவர் நூல் முடிச்சைப் பொறுமையாக அவிழ்த்தார். பிறகு நகத்தால் ஓரத்தைக் கீறி, மேல்மாவை மொத்தமாக, சட்டை கழற்றுகிற மாதிரி உரித்து, தட்டின் ஓரத்தில் வைத்தார். உள்ளே வெள்ளையாக இருந்த மீனை மட்டும் பிட்டுத் தின்றார்.

“நல்லா இருக்கு” என்றார்.

எங்கள் மூவர் கண்ணும் அந்த உரித்த மாவின் மேலேயே இருந்தது. அவர் இரண்டாவதையும் உரித்தார்.

“என்ன பண்றீங்க?” என்றாள் அக்கா.

“மாவு வயித்துக்கு ஒத்துக்காது அக்கா. சின்ன வயசுலேருந்தே எடுத்துட்டுத்தான் சாப்பிடுவேன். பொரிச்ச மீன்தான் பிடிக்கும். உள்ளே அப்படியே பஞ்சு மாதிரி இருக்கும்ல?”

“இதை ஏன் முன்னாடியே சொல்லல?”

“யாரும் கேக்கலையே. என்ன பிடிக்கும்னுதான் கேட்டாங்க.”

அக்கா நாற்காலியில் சாய்ந்தாள். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள். “நாலு ஞாயித்துக்கிழமை” என்றாள். “ரெண்டு கிலோ மைதா. அதை மேல போட்டதே தூக்கிப் போடறதுக்கா?”

இதற்குள் தங்கை ஒரு காரியம் செய்துகொண்டிருந்தாள். அவள் அறிந்து செய்தாளா தெரியாது. நின்றபடியே கையை நீட்டி, அவர் தட்டின் ஓரத்தில் இருந்த மேல்மாவை எடுத்துத் தின்றுகொண்டிருந்தாள். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாதவள். ஒரு துண்டின் மாவு முடிந்தது. அடுத்ததற்குக் கை போனது. அவர் திரும்பிப் பார்க்காமலே தட்டை இரண்டு அங்குலம் அவள் பக்கம் நகர்த்திவிட்டார். கால்சட்டை மடிக்கிற சாக்கில் இன்னும் என்னவெல்லாம் தின்றிருக்கிறார்களோ, எனக்கே தெரியாமல் போயிருக்கிறது.

அக்கா அந்த இரண்டு அங்குலத்தைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு ஒரு பெருமூச்சு. குளிர்பெட்டி வாங்கி முடித்த அன்றைக்குக்கூட அவ்வளவு களைத்துப்போய் நான் பார்த்ததில்லை.

“ஒருத்தன் மீனை மட்டும் தின்கிறான். ஒருத்தி மாவை மட்டும் தின்கிறா. உங்க ரெண்டு பேருக்கும் ஒரே தட்டு போதும், கழுவறதும் மிச்சம்” என்றாள். “சரி. போய்த் தொலைங்க.”

“அக்கா?” என்றாள் தங்கை, வாயில் மாவோடு.

“சரின்னுதானே சொன்னேன். காதுலயும் மாவா?” அவர் பக்கம் திரும்பினாள். “அங்கே வீட்ல வெளிச்சம் எப்படி? இவ மெஷினை எங்கே போடப் போறீங்க?”

“ஜன்னல் இருக்கு அக்கா.”

“ஜன்னல் எல்லா வீட்லயும்தான் இருக்கும். எந்தப் பக்கம்? எத்தனை அடி?”

“அளக்கல.”

“அளக்கல” என்று என்னைப் பார்த்துச் சொன்னாள், நான்தான் அளக்காமல் வந்தது போல. “அளக்காம ஒரு ஆள் கல்யாணத்துக்கு வந்து நிக்கிறார். எழுதிக்கங்க. மெஷின் மேசை மூணே முக்கால் அடி. வெளிச்சம் இடது பக்கத்துலேருந்து வரணும். காலையில எட்டு மணிக்கு முன்னாடி இவகிட்ட யாரும் பேசக் கூடாது. வாயில ஊசி இருக்கும்போது சிரிக்க வைக்கக் கூடாது, ஒரு தடவை முழுங்கப் பார்த்தா.”

அவர் சட்டைப் பையிலிருந்து லிஃப்ட் பழுதுக் குறிப்பேட்டை எடுத்து, ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டார். தங்கை முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்பைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே துடைத்தாள்.

பிறகு அக்கா என்னிடம், “பால் வெச்சிருந்தீங்களே, பொங்கி வழிஞ்சிருக்கும், போங்க” என்றாள். போனேன். போகிற வழியில் முக்காலியையும் எடுத்துக்கொண்டேன்.

அவர் முப்பதாம் தேதி போனார். ஆறு வாரம் கழித்து ஒரு புதன்கிழமை திரும்பி வந்தார். பதிவு அலுவலகத்தில் கல்யாணம், சாட்சிக் கையெழுத்து நானும் என் வீட்டுக்காரரும். வீட்டுக்காரர் கையெழுத்துப் போடுமுன் படிவம் முழுவதையும் படித்தார், விளம்பரம் இருக்கிறதா என்று பார்த்திருப்பார். மெஷின் இறங்கிய அன்று லிஃப்ட் வேலை செய்யவில்லை. புதிதாக வந்த மெக்கானிக் இரண்டு நாள் கழித்துத்தான் வந்தார். நாலு பேர் சேர்ந்து படியில் இறக்கினோம், அக்கா முன்னால் நடந்து ஒவ்வொரு திருப்பத்திலும் “இடது, இடது” என்று உயிரை வாங்கினாள்.

அவள் தனியே ஏழு மாசம் இருந்தாள். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் அதே ஊருக்குப் போய்விட்டாள். ஆனால் அவர்கள் வீட்டுக்கு இல்லை, இரண்டு தெரு தள்ளி. அந்த ஊரில் பதினேழு வீடு பார்த்தாளாம். வீட்டுத் தரகர் ஒருவர் அவள் எண்ணைத் தடுத்தே வைத்துவிட்டாராம், தங்கை போனில் சொல்லிச் சிரித்தாள்.

எதிர்வீட்டுக்கு இப்போது ஒரு வங்கிக்காரர் குடும்பம் வந்திருக்கிறது. நல்லவர்கள்தான், பார்த்தால் தலையை ஆட்டுவார்கள். ஆனால் குளிரோ வெயிலோ, அந்தச் சமையலறை ஜன்னலை மட்டும் திறப்பதே இல்லை.